மலையாளம் பேசிய குரல்

போன மாதம் ஷைனி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மருத்துவமனையில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள்தான். பிறருக்குக் கேட்காத குரல் கேட்பவர்கள், நடக்காத ஒன்றை நடப்பதாக உறுதியாக நம்புகிறவர்கள், இவர்களுக்குப் பேச்சின் மூலம் உதவுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்களாம். அச்சடித்த படிவங்கள், திரையில் பாடம், மதியம் பிரியாணி, கடைசி நாள் சான்றிதழ். இந்தப் படிவங்கள் இல்லாமல் சேச்சி எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். எங்கள் பிரிவின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரவும் சொன்னாள்.

தமிழில்தான் எழுதுவேன் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். நான் கேரளாவில், மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை வேலைக்கு வந்த பிறகுதான் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது வெளிநோயாளிச் சீட்டு எழுதும் வேலைக்கு. பெயர், வயது, முகவரி, அடுத்த ஆள். இதே வேகத்தில் ஓய்வு வரைக்கும் போயிருப்பேன். ஆனால் ஒருநாள் மனநலப் பிரிவிலிருந்து ஆள் வந்து, தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார். கவுண்டரில் இருந்த மூவரும் என்னைக் காட்டினார்கள்.

உள்ளே டாக்டர் அன்னம்மா இருந்தார். எதிரே பூ விற்கும் ஒரு தமிழ்ப் பெண். பக்கத்து வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்பது அவருடைய புகார். மல்லிகை விலையில் தொடங்கி, கடல், ஒரு பச்சைப் புடவை, தம்பி மனைவி என்று எங்கெங்கோ போய்விட்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்து, டாக்டரிடம் மலையாளத்தில், பக்கத்து வீட்டு டிவி சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம் என்றேன். சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லிவிட்டதாக எனக்குத் திருப்தி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் மூணு மினிட் சம்சாரிச்சு. நீ ஒரு வரி பறஞ்ஞு. பாக்கி எவிடெ?"

மூன்று நிமிடம் பேசியதை ஒரே வரியில் சொல்கிறாயே, பாக்கி எங்கே என்கிறார். பாக்கியெல்லாம் அர்த்தமில்லாத பேச்சு டாக்டரே என்றேன். அந்த அர்த்தமில்லாததுதான் தனக்கு வேண்டும் என்றார் அவர். பச்சைப் புடவையை மட்டும் திரும்பக் கேட்கச் சொன்னார். கேட்டேன். செய்தி வாசித்தவர் ஒருநாள் பச்சைப் புடவை கட்டியிருந்தார். தம்பி மனைவி இந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பிய நாளிலும் பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வாரமும்.

பிறகு படித்தேன். தபால் வழியில் ஒரு பட்டம், வெளியூர் விடுதியில் தங்கி ஓர் உளவியல் படிப்பு, நடுவில் ஒரு பாடத்தில் தோல்வி, இரண்டு பிரசவம். திரும்பி வந்தபோது என் பதவியின் பெயர் நீளமாகியிருந்தது. உட்காரக் கிடைத்தது டாக்டர் பக்கத்தில் அதே பழைய ஸ்டூல்தான்.

டாக்டர் அன்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான உருவம். சிரிப்பு குறைவு, ஆனால் கோபமும் குறைவு. நோயாளிக்கும் தமக்கும் நடுவில் மேஜை இருப்பது அவருக்குப் பிடிக்காது. அறைக்குள் வந்ததும் மேஜையைச் சுவரோரம் தள்ளுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடுவார், பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார். முதல் நாள் நோயைப் பற்றிக் கேள்வியே கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எதில் வந்தீர்கள், வீட்டில் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது யார். இந்த மூன்றாவது கேள்விக்குப் பல பேர் நெடுநேரம் பதில் சொல்ல மாட்டார்கள். அவர் காத்திருப்பார்.

அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல்: "அதெயோ?" அப்படியா என்று அர்த்தம். என் மூளைக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்வார். டாக்டர், "அதெயோ?" என்பார். அதில் நம்பிவிட்டதாகவும் இருக்காது, நம்பாததாகவும் இருக்காது. மேலே சொல்லுங்கள் என்பது மட்டும் இருக்கும். நோயாளியிடம் அது பொய் என்று சண்டை போட்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். உண்மைதான் என்று தலையாட்டினால் அவரை ஏமாற்றுகிறோம். நடுவில் நின்று, அவரோடு சேர்ந்து நாமும் ஆராய வேண்டும். இதுதான் எங்கள் வேலையின் பாதி. அந்த ஒரு சொல்லை அதே தொனியில் சொல்ல நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கண்ணாடிக்கு என்ன சந்தேகம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை டாக்டர் கொடுப்பார், அது நிற்காது. பேச்சு அதற்குப் பதிலாக வந்ததல்ல, கூட வந்தது.

இனி மாரியப்பன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் மனைவி பேச்சியம்மாளிடமும் மாற்றட்டுமா என்று கேட்டேன். எனக்கு வேறு பெயரெல்லாம் பொருந்தாது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இருவரும் சங்கரன்கோவில் பக்கம். அவருக்குக் கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் மிளகு எடை போடும் வேலை. முப்பத்தெட்டு வயது, நல்ல உடம்பு, மூட்டையைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார்.

அவரைக் கொண்டுவந்தவர்கள் படகுத்துறைக்காரர்கள். ஒரே மாதத்தில் மூன்று தடவை உடுத்த துணியோடு படியில் இறங்கிக் காயலுக்குள் போயிருக்கிறார். கழுத்தளவு வரும்போது இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீச்சல் தெரியாது. தற்கொலை முயற்சி என்று சீட்டில் எழுதியிருந்தது. இரண்டு வாரம் வார்டில் வைத்திருந்து, மாத்திரை பிடித்து, தூக்கம் வந்த பிறகு என்னிடம் அனுப்பினார்கள்.

மேஜையை ஓரம் தள்ளி, சாயா வரவழைத்து, மூன்று கேள்விகளையும் கேட்டேன். மூன்றாவதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் பேசுவதெல்லாம் பேச்சிதான் என்றார். இரண்டாம் நாள் தானாகவே தொடங்கினார்.

"சாகணும்னுலாம் நெனைக்கல மேடம். எறங்குன்னு சொல்லுது, எறங்குறேன்."

யார் சொல்வது என்றேன். ஓர் ஆள். முகம் இல்லை. வலது காதுப் பக்கம். எட்டு வருடமாக உண்டு. முன்பு முணுமுணுப்பு, இந்த வருடம் அவருடைய அப்பா இறந்து தூக்கம் போன பிறகு அதட்டல். எந்த பாஷை என்று கேட்டேன்.

"மலையாளம். அவனுக்குத் தமிழ் தெரியாது."

இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பதில் மெதுவாக வந்தது. பேச்சிக்கு ஏதாவது ஆகிவிடும். அவளைக் காப்பாற்றத்தான் இந்த மனிதர் மூன்று தடவை தண்ணீருக்குள் போயிருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சிக்கு அது தெரியாது. தன்னை விட்டுத் தப்பிக்கத்தான் போகிறார் என்று நினைத்து அவள் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு நம்பிக்கை எவ்வளவு உறுதி என்று தெரிந்துகொள்ள நாங்கள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பது வழக்கம். மாரியப்பனுக்கு நூறு பிடிபடவில்லை. நானே, மூட்டைக் கணக்கில் சொல்லுங்கள் என்றேன். மூட்டைக்கு ஐம்பது கிலோ. இறங்காவிட்டால் பேச்சிக்கு ஆபத்து என்பது எத்தனை கிலோ?

"அம்பது. கட்டின மூட்டை."

அவரை ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். குரல் எப்போது வந்தது, என்ன சொன்னது, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள். மலையாள வார்த்தைகளைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பாதிக்கு அவருக்கே அர்த்தம் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கப் போய், யாருடா உன்னை இப்படித் திட்டியது என்று அவர் சண்டைக்குக் கிளம்பி வரப் பார்த்தாராம். நானும் மாரியப்பனும் சேர்ந்து சிரித்தோம். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாலு வாரத்து நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. பக்கத்தில் யாராவது கூட்டமாகச் சிரித்தால் குரல் வருகிறது. எடை ஒத்துப்போகாவிட்டால் வருகிறது. வரும்போதெல்லாம் அதே வரி: எறங்கிப்போடா கள்ளா. இதே சொற்களை நேரில் எப்போதாவது கேட்டதுண்டா என்று விசாரித்தேன்.

உண்டு. கேரளாவுக்கு வந்த இரண்டாம் மாதம், முதல் கிடங்கில். மூட்டை அடுக்கின் உச்சியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். ஏலக்காய் குறைந்துவிட்டது என்று கீழே பேச்சு. மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்து அந்த வரியைச் சொன்னார். மாரியப்பனுக்கு அப்போது மலையாளம் தெரியாது. இறங்கச் சொல்கிறார் என்று புரிந்தது, இறங்கினார். அவர் முன்னால் போய், எறங்கிட்டேன் சார், இனி என்ன செய்ய என்று கேட்டார். கிடங்கு முழுக்கச் சிரித்தது. பிறகு கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். மாரியப்பன் எதையும் எடுக்கவில்லை. எடுத்தாயா என்று யாரும் கேட்கவுமில்லை.

இங்கேதான் நான் தவறு செய்தேன். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். தமிழில் இறங்கு என்றால் கீழே வா. மலையாளத்தில் இறங்கிப் போ என்றால் வெளியே போ. கணக்குக்கு விடை கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எனக்கு உள்ளே துள்ளியது. அது உங்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லவே இல்லை, வெளியே போ என்றுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டேன். மாரியப்பன், அப்படியா மேடம் என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பேச்சி வந்தாள். ஆளைக் காணவில்லை. அடுத்த நாளும் காணவில்லை. படகுத்துறையில் கேட்டோம், அங்கே போகவில்லை. காயலில் தேட வேண்டுமா என்று ஒரு போலீஸ்காரர் பேச்சியின் காதுபடக் கேட்டார். மூன்றாம் நாள் பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மேடம், நான் மாரியப்பன். புனலூர்ல ஒரு சாயாக்கடையில இருக்கேன். நீங்க சொன்ன மாதிரி ஊரை விட்டு வெளிய வந்துட்டேன். இன்னும் சொல்லிட்டேதான் இருக்கு. இன்னும் எவ்வளவு தூரம் மேடம் போகணும்?"

சாயா குடித்தீர்களா என்று கேட்டேன். குடித்தேன் என்றார். இன்னொன்று குடியுங்கள், பேச்சி கிளம்பி வருகிறாள், அதுவரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள் என்றேன். கடைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். மாரியப்பனுக்குப் புட்டும் கடலையும் கொடுத்து, கல்லாப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.

டாக்டர் அன்னம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தை மெல்ல மணிக்கட்டில் கட்டிக்கொண்டே சொன்னார்: "பறஞ்ஞது சரியாணு செண்பகமே. பறஞ்ஞது நீயாணு. அதாணு குழப்பம்."

சொன்ன விஷயம் சரிதான். அதை நான் சொன்னதுதான் கோளாறு. எனக்குப் புரிந்துவிட்டதே என்ற அவசரத்தில், அந்த மனிதர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நான் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டேன். இத்தனை வருடம் ஓர் அதட்டலுக்குக் கீழ்ப்படிந்தவர், நான் சொன்னதற்கும் கீழ்ப்படிந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வாரம் மாரியப்பன் வந்தபோது முதலில் மன்னிப்புக் கேட்டேன். மேடம் மன்னிப்புக் கேட்டால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது என்றார். பிறகு புனலூர்ப் பயணத்தைப் பற்றி விசாரித்தேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை. ரயில், மழை, சாயாக்கடை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"தண்ணியில எறங்குனாலும் திட்டுறான். ஊரை விட்டுப் போனாலும் திட்டுறான். அவன் சொன்னதை எப்படிச் செஞ்சாலும் திட்டுறான் மேடம். அப்ப அவனுக்கு என்னதான் வேணும்?"

"அதெயோ?" என்றேன். வாழ்க்கையில் அந்தச் சொல்லை அன்றுதான் சரியாகச் சொன்னேன்.

மூட்டை நாற்பது கிலோவுக்கு வந்திருந்தது. இறங்காமல் இருந்து பார்த்தால் என்ன என்பது அவருடைய யோசனை. தனியாக வேண்டாம், நானும் வருகிறேன், பேச்சியும் கூட இருக்கட்டும் என்றேன். டாக்டர் சம்மதித்தார். படகுத்துறைக்காரர்களிடமும் சொல்லி வைத்தோம். பேச்சியிடம் முதன்முறையாக முழு விஷயத்தையும் மாரியப்பனே சொன்னார். அவள், எனக்காகத் தண்ணியில குதிச்சீரா, வேற வேலை இல்லையா உமக்கு என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, படகுத்துறை. வெயில் ஏறியிருந்தது. எதிரே வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. மாரியப்பன் படிக்கு மேலே கம்பியைப் பிடித்து நின்றார். பதினைந்து நிமிடம் நிற்பது என்று பேச்சு. பேச்சி பெஞ்சில், பொட்டலத்தில் வாழைப்பழம் பொரித்த பழம்பொரியோடு. அவளுடைய வேலை அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

மூன்றாம் நிமிடம் குரல் வந்துவிட்டது. அவர் கழுத்து நரம்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சட்டை முதுகில் ஒட்டியது. நிமிடத்துக்கு நாலு தடவை திரும்பிப் பேச்சியைப் பார்த்தார். பேச்சி தின்றுகொண்டிருந்தாள். ஏழாம் நிமிடம் அவர் ஒரு படி இறங்கினார். அவர் கீழே தண்ணீரைப் பார்த்தார், திரும்பிப் பேச்சியைப் பார்த்தார், அந்தப் படியிலிருந்து மறுபடி மேலே ஏறினார். பேச்சி அடுத்த பழம்பொரியை எடுத்தாள். பதினைந்து நிமிடம் முடிந்தபோது பொட்டலம் காலி. அவளுக்கு வந்த ஒரே கஷ்டம் விக்கல்.

"எத்தன கிலோ?" என்றேன்.

கம்பியை விட்டுக் கையை உதறிக்கொண்டார். "முப்பது வரும்."

அதற்குப் பிறகு வேலை எளிதாகப் போனது என்று எழுத ஆசைதான். மழைக்காலத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் பத்து நாள் வார்டில் கிடந்தார். எடை போடும் வேலை திரும்பக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. ஆனால் அவர் குரலுக்குப் பதில் பேசக் கற்றுக்கொண்டார். ரோட்டில் தனியாகப் பேசினால் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதால் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்து ஒரு வாரம் கழித்து எழுதிக்கொண்டு வந்தார். இப்போது டூட்டியில் இருக்கிறேன், ஆறு மணிக்குப் பேசிக்கொள்ளலாம். இதை மலையாளத்தில் எழுதியிருந்தார், தமிழ் எழுத்தில். அவனுக்குத் தமிழ் தெரியாதே. இலக்கணம் சரியா என்று பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். மரியாதையாகச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று நாங்கள் இருவரும் அரை மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் மரியாதையாகவே சொல்வது என்று அவர் முடிவு செய்தார். முதல் தடவை சொல்லிப் பார்த்த அன்று, ஆறு மணிக்கு அது வரவே மறந்துவிட்டது என்று வந்து சொன்னார்.

முதல் கிடங்கின் வாசல் வழியாக அவர் ஒருமுறை நடந்துபோனார். உள்ளே போகவில்லை. அந்த மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று விசாரிக்கவுமில்லை. நான் எடுக்கல என்று வாசலைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு வந்ததாக நோட்டில் எழுதியிருந்தது. வழக்கமாகப் போடும் கிலோ கணக்கை அந்தப் பக்கத்துக்குக் கீழே போடவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, முறை இல்லாத நாளில் இருவரும் வந்து நின்றார்கள். மாரியப்பன் முகம் வாடியிருந்தது. பத்து நாளாகக் குரல் வரவில்லையாம். அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று கேட்டார். நான் சிரிப்பேனோ என்று பயந்தே கேட்டார், நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்தது இல்லாமல் போனால் ஒரு மாதிரிதான் இருக்கும் என்றேன். பத்து நாள் எப்படிப் போனது என்று கேட்டேன்.

அவர் பக்கத்திலிருந்த பேச்சியைப் பார்த்தார். "வீட்டுல ஒரே சத்தமா இருக்கு மேடம். இவ இவ்வளவு பேசுவான்னு எனக்கு இப்பதான் தெரியுது."

"கல்யாணமான நாள்லேர்ந்து பேசிட்டுதான் இருக்கேன்," என்றாள் பேச்சி.

பதினோராம் நாள் குரல் திரும்பி வந்தது. அவர் அன்றைக்கும் வேலைக்குப் போனார்.